எந்தக் குழந்தை, எத்தனை குழந்தைகள்?

ஒரு குடும்பம் எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. நேற்றுவரை பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்த தாய் திடீரென்று நோயில் விழலாம். தகப்பனின் குடி ஒரு நாள் எல்லை மீறலாம். பக்கத்து வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் காவல்துறையை அழைக்கும் ஓர் இரவு வரலாம். அது எந்த இரவு, எந்த வீடு என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

ஆனால் இங்கிலாந்தில் ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும், அடுத்த ஆண்டு தன் பொறுப்பில் எத்தனை குழந்தைகள் இருப்பார்கள், அவர்களுக்கு எத்தனை வளர்ப்புக் குடும்பங்கள் வேண்டும், குழந்தைகள் இல்லங்களில் எத்தனை இடங்கள் வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. நடக்கப்போகும் துயரத்தை எண்ணிச் சொல்ல முடியுமா? முடியுமென்றால் அதை எந்த அளவுக்கு நம்பலாம்? இந்த அத்தியாயம் அதைத்தான் படிப்படியாகப் பார்க்கப்போகிறது.

ஒரு மாலையில் பிறக்கும் தேவை

இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் ஒரு பெரிய பொறுப்பை உள்ளாட்சியின் தோளில் ஏற்றியது. பெற்றோரால் வளர்க்க முடியாத பிள்ளையையும், பெற்றோரிடம் இருப்பதே ஆபத்து என்ற நிலையில் உள்ள பிள்ளையையும் அந்த ஊரின் கவுன்சில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோரின் சம்மதத்தோடு அழைத்துவருவது ஒரு வழி. குடும்ப நீதிமன்றத்தின் ஆணை பெற்று அழைத்துவருவது இன்னொரு வழி. இந்தப் பொறுப்பை ஏற்றுள்ள கவுன்சில்கள் 150க்கு மேல் இருக்கின்றன. 2024 மார்ச் 31 அன்று அவற்றின் பராமரிப்பில் இருந்த குழந்தைகள் 83,630 பேர். 18 வயதுக்கு உட்பட்ட 10,000 பேரில் 70 பேர் என்று இதைச் சொல்லலாம். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கிறார்கள். மற்றவர்கள் குழந்தைகள் இல்லங்களிலும், ஓரளவு தனித்து வாழப் பழகும் விடுதிகளிலும், வேறு ஏற்பாடுகளிலும் இருக்கிறார்கள்.

ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் இந்த ஏற்பாட்டைப் ‘பராமரிப்பு இடம்’ என்று அழைப்போம். ஒரு கட்டிலும் ஓர் அறையும் இருந்தால் அது இடமாகிவிடாது. அந்தக் குழந்தையின் வயதையும் குணத்தையும் காயத்தையும் புரிந்துகொண்டு, இரவு அழுதால் எழுந்து வரும் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். முடிந்தால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை பிரியாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய பள்ளிக்கூடத்துக்கே போய்வரும் தூரத்தில் வீடு இருக்க வேண்டும். 2008இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம், தன் எல்லைக்குள் போதிய இடங்கள் இருக்கும்படி நடவடிக்கை எடுப்பதைக் கவுன்சிலின் கடமையாகவே ஆக்கியது.

இங்கேதான் சிக்கல். குழந்தைக்கான தேவை ஒரு மாலையில் பிறந்துவிடும். இடம் அப்படி உருவாகாது. ஒரு வளர்ப்புக் குடும்பத்தைத் தேடி, விசாரித்து, பயிற்சி தந்து, ஒப்புதல் வழங்கப் பல மாதங்கள் ஆகும். ஓர் இல்லம் திறக்கக் கட்டடம் வேண்டும், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வேண்டும், ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் பதிவு வேண்டும். அடுத்த ஆண்டுக்கான இடத்தை இந்த ஆண்டே தயார்செய்யத் தொடங்கினால்தான் உண்டு. அதற்காகத்தான் முன்கணிப்பு.

தனி ஒருவரைக் கணிக்க முடியாது

‘எந்தக் குழந்தை’ என்ற கேள்விக்குக் கணினி விடை சொல்லுமா என்று இங்கிலாந்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். குழந்தைகள் நலப் பணிகளில் எது பலன் தருகிறது என்று ஆராயும் ஒரு மையம், நான்கு கவுன்சில்களின் பதிவேடுகளை வைத்து, ஆபத்தை நோக்கிப் போகும் குழந்தைகளை முன்கூட்டி அடையாளம் காட்டும் மாதிரிகளை உருவாக்கியது. முடிவு 2020இல் வெளிவந்தது. ஆபத்தில் இருந்த ஐந்து குழந்தைகளில் நான்கு பேரை அந்த மாதிரிகள் சராசரியாகத் தவறவிட்டன. ‘இந்தக் குழந்தை ஆபத்தில் இருக்கிறது’ என்று காட்டிய பத்து முறையில் ஆறு முறை அது தவறாக இருந்தது. தாங்களே வகுத்துக்கொண்ட தர அளவை ஒரு மாதிரிகூட எட்டவில்லை.

இப்போது தொகையைப் பாருங்கள். 2018 முதல் 2023 வரை இங்கிலாந்து முழுவதிலும் ஆண்டுதோறும் புதிதாகப் பராமரிப்புக்கு வந்த குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 28,000க்கும் 33,000க்கும் இடையிலேயே நின்றது. இடையில் ஒரு பெருந்தொற்றே வந்துபோனது. ஒவ்வொரு வரவும் யாரும் எதிர்பாராதது. எல்லாம் சேர்ந்த தொகையோ அதிகம் அசையவில்லை.

காரணம் எளிது. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத காரணங்களால் துயரங்கள் நேர்கின்றன. ஒரு வீட்டில் நிலைமை மோசமாகும் அதே வாரத்தில் இன்னொரு வீட்டில் பாட்டி வந்து பேரப்பிள்ளைகளை ஏற்றுக்கொள்கிறாள். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, சராசரி நிலைத்துவிடுகிறது. ஆகவே முன்கணிப்பாளர் கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை’ என்பதே. ‘யார்’ என்ற கேள்வியை, அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் சமூகப் பணியாளரிடம் விட்டுவிட வேண்டும்.

வரத்து, இருப்பு, வெளியேற்றம்

மேட்டூர் அணையின் நிலவரத்தை நாளிதழில் படிப்பவர்களுக்கு மூன்று சொற்கள் பழக்கம்: நீர்வரத்து, நீர் இருப்பு, நீர் வெளியேற்றம். இங்கேயும் அவையே போதும். ஓராண்டில் புதிதாகப் பராமரிப்புக்கு வருபவர்கள் வரத்து. ஒரு குறிப்பிட்ட நாளில் பராமரிப்பில் இருப்பவர்கள் இருப்பு. வீடு திரும்பியும், தத்துப்போயும், உறவினரிடம் சேர்ந்தும், 18 வயது நிறைந்தும் வெளியே செல்பவர்கள் வெளியேற்றம்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காவிட்டால் எண்கள் நம்மை ஏமாற்றும். 2021 மார்ச்சுடன் முடிந்த பெருந்தொற்று ஆண்டில் இங்கிலாந்தின் வரத்து 8 சதவீதம் குறைந்து 28,440 ஆனது. இருப்பும் குறைந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அது 1 சதவீதம் கூடியது. வெளியேற்றமும் குறைந்து, 28,010 என்ற அளவில் நின்றதே காரணம். குடும்ப நீதிமன்றங்களில் வழக்குகள் தேங்கின. 2014ஆம் ஆண்டின் சட்டம் ஒரு பராமரிப்பு வழக்கை 26 வாரத்துக்குள் முடிக்கச் சொல்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் சராசரி 40 வாரத்தைத் தாண்டிவிட்டது. குறைவான பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். வந்தவர்களோ நெடுநாள் தங்கினார்கள்.

இதற்குப் பின்னால் அழகான விதி ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவியதால் லிட்டில் விதி என்று பெயர். நீண்டகாலச் சராசரியில், வரத்தைத் தங்கும் காலத்தால் பெருக்கினால் இருப்பு கிடைக்கும். ஆண்டுக்கு 200 குழந்தைகள் வந்து ஒவ்வொருவரும் சராசரியாக இரண்டு ஆண்டு தங்கினால், இருப்பு 400. வரத்தில் ஒருவர்கூடக் கூடாமல், தங்கும் காலம் மட்டும் இரண்டரை ஆண்டு ஆனால் இருப்பு 500. குழந்தைகளின் எண்ணிக்கை ஏறியதும் ‘குடும்பங்கள் கெட்டுப்போய்விட்டன’ என்று முடிவுகட்டும் முன், தங்கும் காலம் ஏன் நீண்டது என்று கேட்க வேண்டும்.

ஒரு கவுன்சிலின் கணக்கு

கற்பனையாக ஒரு கவுன்சிலை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொள்பவை. முறை மட்டும் உண்மையானது. மார்ச் 31 அன்று இருப்பு 400. ஆண்டு வரத்து 200. இதுவரை வெளியேற்றமும் 200ஆக இருந்ததால் இருப்பு அசையவில்லை. இப்போது நீதிமன்றத் தாமதத்தால் வெளியேற்றம் 180 ஆகிவிட்டது. அடுத்த மார்ச்சில் இருப்பு 420. ஒரு மேலோட்டமான அறிக்கை இதோடு நின்றுவிடும்: ‘கூடுதலாக 20 இடங்கள் வேண்டும்.’

எந்த வயதுக்கு 20 இடங்கள்? கைக்குழந்தையை வளர்க்க முன்வரும் குடும்பம், கோபத்தில் கதவை உதைக்கும் பதினான்கு வயதுப் பையனை ஏற்காமல் போகலாம். ஆகவே இருப்பை வயதுவாரியாகப் பிரிப்போம்.

0–4 வயது: 60 பேர்
5–9 வயது: 80 பேர்
10–15 வயது: 160 பேர்
16–17 வயது: 100 பேர்

ஓராண்டில் ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று மாற்றங்கள் நடக்கும். புதியவர்கள் வருவார்கள், சிலர் வெளியேறுவார்கள், சிலர் பிறந்தநாள் வந்து அடுத்த வகுப்புக்கு நகர்வார்கள்.

0–4 வகுப்புக்கு 60 பேர் புதிதாக வருகிறார்கள். 45 பேர் வீடு திரும்பியோ தத்துப்போயோ வெளியேறுகிறார்கள். 15 பேருக்கு ஐந்து வயது நிறைகிறது. முடிவில் 60 பேர், மாற்றமில்லை.

5–9 வகுப்புக்குக் கீழிருந்து 15 பேரும் வெளியிலிருந்து 35 பேரும் வருகிறார்கள். 25 பேர் வெளியேற, 25 பேர் மேலே நகர்கிறார்கள். முடிவில் 80, இங்கும் மாற்றமில்லை.

10–15 வகுப்புக்குக் கீழிருந்து 25 பேர், வெளியிலிருந்து 65 பேர். வெளியேறுபவர்கள் 35, மேலே நகர்பவர்கள் 40. முடிவில் 175. இங்கே 15 பேர் கூடிவிட்டார்கள்.

16–17 வகுப்புக்குக் கீழிருந்து 40 பேர், வெளியிலிருந்து 40 பேர். 50 பேருக்கு 18 வயது நிறைகிறது. வேறு காரணங்களால் 25 பேர் வெளியேறுகிறார்கள். முடிவில் 105.

கூட்டிப் பாருங்கள்: 420. மொத்தம் அதேதான். ஆனால் பத்து வயதுக்குக் கீழே ஒரே ஒரு குழந்தைகூட அதிகமாகவில்லை. கூடிய இருபது பேரும் வளரிளம் பருவத்தினர். ‘குழந்தைகளை வளர்க்க முன்வாருங்கள்’ என்று பச்சிளம் சிசுவின் படத்தோடு விளம்பரம் செய்யும் கவுன்சில், தனக்குத் தேவையில்லாத இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கணக்குக்குத் தேவையான தரவு ஒவ்வொரு கவுன்சிலிடமும் இருக்கிறது. ஒரு குழந்தை எந்தத் தேதியில் எந்த வகை இடத்துக்கு வந்தது, எப்போது மாறியது, ஏன் மாறியது என்று ஒவ்வொரு கட்டத்தையும் பதிந்து ஆண்டுதோறும் மத்தியக் கல்வித் துறைக்கு அனுப்புகிறார்கள். எஸ்.எஸ்.டி.ஏ. 903 என்ற வறட்டுப் பெயர் கொண்ட அந்தப் பதிவேடுதான் முன்கணிப்பாளரின் முதல் செல்வம்.

சராசரிக்கு மட்டும் இடம் வைத்தால்

அடுத்த படி, குழந்தைகளை இடங்களாக மாற்றுவது. நம் கவுன்சிலில் 10–15 வயதினரில் எட்டில் ஒருவருக்கு இல்லத்தில் இடம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 160 பேர் இருந்தபோது 20 இடம். 175 பேருக்கு ஏறத்தாழ 22 இடம். அப்படியானால் 22 இடங்களை ஏற்பாடு செய்துவிட்டால் போதுமா?

போதாது. 22 என்பது ஆண்டின் சராசரி. ஒரு வாரம் 17 பேர் இருப்பார்கள். இன்னொரு வாரம் 27 பேர் இருப்பார்கள். குழந்தைகள் ஒருவரோடொருவர் தொடர்பின்றித் தற்செயலாக வருகிறார்கள் என்று கொண்டால், இந்த ஏற்ற இறக்கத்தையும் கணக்கிட முடியும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ. கே. எர்லாங் 1909இல் தொலைபேசி அழைப்புகளுக்காகத் தொடங்கிவைத்த கணித மரபு இது. அதன்படி, சரியாக 22 இடம் வைத்திருக்கும் கவுன்சிலில் நூறு நாளில் ஏறத்தாழ 44 நாட்கள் தேவை இடத்தை மீறியிருக்கும். அந்த 44 நாட்களை 4 நாட்களாகக் குறைக்க 30 இடங்கள் வேண்டும்.

சராசரிக்கு மேல் உள்ள இந்த எட்டு இடங்களைக் ‘கையிருப்பு’ என்று அழைப்போம். பல நாட்களில் அவை காலியாகக் கிடக்கும். அதைத் தாங்கிக்கொள்வது நிதித் துறைக்கு எளிதல்ல. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெரிய தனியார் நிறுவனங்கள் இல்லத்தில் ஓர் இடத்துக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,830 பவுண்டு வாங்கின. அந்த விலையில் எட்டு இடங்களை ஓராண்டு முழுவதும் பிடித்துவைத்தால் ஏறத்தாழ 16 லட்சம் பவுண்டு. இங்கிலாந்தில் இல்ல இடங்களில் நூற்றுக்கு 78 தனியாரிடம் இருப்பதாகவும் அதே ஆய்வு கண்டது. முன்கணிப்பும் கையிருப்பும் இல்லாத கவுன்சில் கடைசி நேரத்தில் கேட்ட விலையைக் கொடுக்கிறது. குழந்தையோ கிடைத்த இடத்துக்குப் போகிறது. பராமரிப்பில் உள்ளவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் தம் வீட்டிலிருந்து 20 மைலுக்கு, அதாவது 32 கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடன்பிறந்தோரை நினைத்தால் கணக்கு இன்னும் கடினமாகும். ஒரே வீட்டிலிருந்து நான்கு பிள்ளைகள் ஒரே இரவில் வருவார்கள். வரத்து கொத்துக்கொத்தாக வரும்போது ஏற்ற இறக்கம் எர்லாங் கணக்கைவிடப் பெரிதாகும். ஆகவே கையிருப்பும் பெரிதாக வேண்டும்.

செலவைக் குறைக்க ஒரு நல்ல வழி உண்டு. நம் கவுன்சிலைப் போன்ற ஐந்து கவுன்சில்கள் தனித்தனியே இடம் வைத்தால் மொத்தம் 150 வேண்டும். ஐந்தும் சேர்ந்து ஒரே தொகுப்பாக வைத்தால் ஏறத்தாழ 128 போதும். இடமில்லாமல் போகும் வாய்ப்பு அதேதான். ஓர் ஊரில் கூடும் நாளில் இன்னோர் ஊரில் குறைவதால் இந்த 22 இடங்கள் மிச்சமாகின்றன. வட்டாரப் பராமரிப்புக் கூட்டுறவுகள் என்ற பெயரில் கிரேட்டர் மான்செஸ்டரிலும் இங்கிலாந்தின் தென்கிழக்கிலும் தொடங்கியுள்ள முன்னோடி முயற்சிகளுக்குப் பின்னால் உள்ள நியாயங்களில் இதுவும் ஒன்று. ஆனால் தொகுப்பு விரிய விரியத் தூரமும் விரியும். ஐந்து ஊருக்கு நடுவே உள்ள இல்லம் எல்லாப் பிள்ளைகளின் பள்ளிக்கும் அருகில் இருக்காது. இந்த இழுபறியைத் தீர்க்கும் சூத்திரம் கணிதத்தில் இல்லை. மனிதர்கள் உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டும்.

கடந்த காலம் கைவிடும் நேரங்கள்

இதுவரை போட்ட கணக்கு எல்லாம், நேற்றைய போக்கு நாளையும் தொடரும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. மூன்று திசைகளிலிருந்து அந்த நம்பிக்கை உடைந்திருக்கிறது.

முதலாவது, வரத்தில். வடக்கு லண்டனில் ஹாரிங்கே பகுதியில் ஒரு வயது ஐந்து மாதமே ஆன ஆண் குழந்தை 2007இல் கொடுமைக்கு ஆளாகி இறந்தது. அதிகாரிகள் பலமுறை பார்த்துவந்த குழந்தை அது. 2008 நவம்பரில் வழக்கின் தீர்ப்பு வந்ததும் நாடே கொதித்தது. 2008–09இல் ஏறத்தாழ 6,500ஆக இருந்த பராமரிப்பு வழக்கு விண்ணப்பங்கள் அடுத்த ஆண்டு 8,800ஐ ஒட்டி உயர்ந்தன. ஓராண்டுக்குள் நாட்டின் குடும்பங்கள் மூன்றில் ஒரு பங்கு மோசமாகிவிடவில்லை. ‘எந்த நிலையில் தலையிடுவது’ என்று முடிவுசெய்பவர்களின் எல்லைக்கோடு நகர்ந்துவிட்டது. துயரத்தின் அளவோடு, துயரத்தைக் கண்டு எடுக்கும் முடிவுகளும் சேர்ந்துதான் வரத்தைத் தீர்மானிக்கின்றன.

இரண்டாவது, வெளியேற்றத்தில். 2015இல் 5,360 குழந்தைகள் பராமரிப்பிலிருந்து தத்துப்போனார்கள். 2021இல் அது 2,870 ஆகச் சரிந்தது. பெருந்தொற்று இதில் ஒரு பகுதி. ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. வேறு எந்த வழியும் இல்லாதபோது மட்டுமே தத்துக்கு ஆணையிட வேண்டும் என்று 2013இல் உயர்மட்ட நீதிமன்றங்கள் வலியுறுத்தியது அதன் பெரிய காரணங்களில் ஒன்று. லண்டன் நீதிமன்றங்களில் எழுதப்பட்ட தீர்ப்புகள், நாடு முழுவதும் சிறு குழந்தைகளின் தங்கும் காலத்தை மாற்றின.

மூன்றாவது, எல்லைக்கு வெளியிலிருந்து. கடலைக் கடந்து பெற்றோர் துணையின்றி வரும் அகதிப் பிள்ளைகளில் பலர் டோவர் துறைமுகம் இருக்கும் கென்ட் கவுன்சிலின் பொறுப்பில் வந்து சேர்ந்தார்கள். ஒரு கவுன்சில் மட்டும் தாங்க முடியாமல் போகவே, 2016இல் விருப்பத்தின் பேரில் தொடங்கிய பகிர்வுத் திட்டத்தை 2021 இறுதியில் எல்லாக் கவுன்சில்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். 2024இல் இங்கிலாந்தின் இருப்பில் இப்படிப்பட்ட பிள்ளைகள் 7,000க்கு மேல். தொலைதூர நாட்டுப் போர் எதுவும் உள்ளூர்ப் பதிவேட்டின் பழைய பக்கங்களில் இருப்பதில்லை.

ஆகவே நல்ல முன்கணிப்பு ஒற்றை எண்ணாக வராது. ‘இன்றைய போக்கு தொடர்ந்தால் இவ்வளவு, நீதிமன்றத் தாமதம் தீர்ந்தால் இவ்வளவு, வரத்து திடீரென்று கூடினால் இவ்வளவு’ என்று மூன்று, நான்கு எதிர்காலங்களை அடுத்தடுத்து வைக்கும். ஒவ்வொன்றுக்கும் மேல் எல்லையும் கீழ் எல்லையும் சொல்லும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உண்மையோடு ஒப்பிட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

பொய்யாக வேண்டிய கணிப்பு

2022 மே மாதத்தில் ஜோஷ் மக்அலிஸ்டர் தலைமையில் இங்கிலாந்தின் குழந்தைகள் நலப் பணிகளை ஆராய்ந்த சுயேச்சையான மறுஆய்வு தன் அறிக்கையை வெளியிட்டது. எதையும் மாற்றாமல் விட்டால், அப்போது 80,000 அளவில் இருந்த பராமரிப்புக் குழந்தைகளின் எண்ணிக்கை பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சமாகும் என்றும், குழந்தைகள் நலப் பணிகளின் ஆண்டுச் செலவு 1,000 கோடி பவுண்டிலிருந்து 1,500 கோடியைத் தாண்டும் என்றும் அது கணித்தது. உடையும் முன்பே குடும்பங்களுக்குக் கைகொடுக்க வேண்டும், பேரப்பிள்ளைகளை ஏற்கும் தாத்தா பாட்டிகளுக்கும் மற்ற உறவினர்களுக்கும் ஆதரவு தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

வானிலை அறிக்கையைக் கேட்டு மழை தன் மனத்தை மாற்றிக்கொள்வதில்லை. சமூகத்தைப் பற்றிய கணிப்பு வேறு வகை. அதைக் கேட்டவர்கள் செயல்பட்டால் அது பொய்யாகும். அப்படிப் பொய்யாவதுதான் அதன் வெற்றி. அந்த ஒரு லட்சம் என்ற எண் பலிக்காமல் போனால், கணித்தவர்களின் அறிவைக் குறைசொல்ல வேண்டியதில்லை. எந்தக் குடும்பங்கள் எப்படிக் காப்பாற்றப்பட்டன என்று ஆராய்ந்து மற்ற ஊர்களுக்குச் சொல்ல வேண்டும்.

குழந்தைகளை எண்களாக்குவது கொடுமை என்று சிலர் வருந்துகிறார்கள். எண்ணிப் பார்க்காமல் விடுவதுதான் பெரிய கொடுமை. எண்ணாத ஊரில் குழந்தை போய்ச் சேரும் இடத்தை, அன்று எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதே முடிவுசெய்கிறது. உங்கள் ஊரின் கவுன்சிலோ நகராட்சியோ அரசோ குழந்தைகள் நலத்துக்கான திட்டத்தை வெளியிடும்போது, மொத்தம் எத்தனை கோடி என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்த வயதினருக்கு எத்தனை இடம், அவற்றில் எத்தனை வீட்டுக்கு அருகில், எதிர்பாராத இரவுக்காக எத்தனை காலியாக வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். அந்தக் காலி இடங்களை வீண் செலவு என்று யாராவது சொன்னால், அவற்றுக்காக வாதாடுங்கள்.